கடலில் எப்போதும் ஓர் ஆள்

மூன்றாம் நம்பர் ரூமில் லோகா அக்காவும் திவாகர் அண்ணனும் பையைக் கட்டி வைத்து நான்கு நாளாகியும் கிளம்ப முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ரூம் ஜன்னலுக்கு வெளியே இருந்த கடலில் எங்கள் தெரு ஆள் ஒருவன் எப்போதும் இருந்தான், ஒருவன் கரையேறினால் அடுத்தவன் இறங்கினான், அவன் வந்தால் இன்னொருவன் போனான், ஒரு நிமிஷம்கூடக் கடல் ஆளில்லாமல் இருக்கவில்லை. அவர்கள் கிளம்பினால் கடலும் கிளம்பிவிடும், உள்ளே இருக்கிறவனுக்குக் கரை இருக்காது. இது தெருவுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். போகாதே என்று யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இட்லிதான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. நான் பதினொன்றாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். கஷ்டக் கதை ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை, விட்டேன். சும்மா கிடக்காதே என்று ஜசிந்தா சித்தி தன் லாட்ஜுக்குக் கூட்டிவந்தாள். பாண்டிச்சேரிக்கு வருகிற எல்லாரும் கேட்பது கடல், எங்கள் லாட்ஜ் இருப்பதோ கடற்கரைச் சாலையிலிருந்து ஏழு தெரு உள்ளே, மொத்தம் நாலு ரூம், அதில் மூன்றாம் நம்பர் ஜன்னலைத் திறந்தால் இரண்டடி சந்து, அதற்கு அப்பால் பாவாடை மாமாவின் மாவு மில் சுவர். ரூம்களை இன்டர்நெட்டில் ஏற்றும் வேலையைச் சித்தி என்னிடம் கொடுத்தபோது, ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று ஒரு கட்டம் இருந்தது, தோட்டம், மலை, நகரம், கடல் என்று நாலுதான் இருந்தது, மாவு மில் என்று இல்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. கடலைத் தட்டினேன். பொய்தான். தட்டினது நான்தான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மலேசியாவில் சுங்கை சிப்புட் என்கிற ஊரிலிருந்து அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். போன வருஷம் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டவர்கள், விருந்து வைக்கக் கையில் காசு இல்லாததால் அதற்குப் பதிலாக ஊர் சுற்றக் கிளம்பியவர்கள், தமிழ்தான் பேசினார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு 'லா' போட்டார்கள்.

"தம்பி, கடல் தெரியும்னு போட்டிருந்தீங்க, எந்தப் பக்கம்லா?" என்று கேட்டார் திவாகர் அண்ணன்.

"ஜன்னலைத் திறந்து பாருங்கண்ணா."

சுவரைப் பார்க்கட்டும், திட்டட்டும், திட்டி முடித்தால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் திறந்தார். கடல் இருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து நாலு முழம் கீழே வெள்ளை மணல், மணலுக்கு அப்பால் அலை, அலைக்கு அப்பால் அலை, எல்லாவற்றுக்கும் அப்பால் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கப்பல். காற்று உள்ளே வந்து சுவரில் தொங்கிய காலண்டரை மார்கழி வரைக்கும் புரட்டியது. லோகா அக்கா எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குலா," என்றாள். அண்ணன் ஃபேனை நிறுத்தினார்.

நான் சித்தியைக் கூட்டிவந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"போட்டிருக்கிற மாதிரிதானே இருக்கு, இன்னாத்துக்கு முழிக்கிற? போய் மில்லு இருக்குதான்னு பாரு."

வெளியே ஓடி, முனை திரும்பி, பின் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன், மில் அதே இடத்தில் இருந்தது, பாவாடை மாமா தலை, புருவம் எல்லாம் மாவாக நின்று அரைத்துக்கொண்டிருந்தார். திரும்ப ரூமுக்கு ஓடினேன், கடல். மறுபடி தெரு, மில். நாலாவது தடவை போனபோது மாமா மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னாடா ரெமி, பள்ளிக்கூடத்தை வுட்டுட்டு ஓட்டப் பந்தயத்துல சேந்துட்டியா?" என்று கேட்டார். கடலைச் சொன்னேன். "அதான் காலைலேருந்து காதுல இரைச்சலா இருக்குது, பெல்ட்டு போயிடுச்சோன்னு நெனைச்சேன்," என்றார், மறுபடி மெஷினைப் போட்டார்.

அவ்வளவுதான் ஆச்சரியம். மறுநாள் விடிகாலை அந்த ஜன்னலில் சூரியன் உதித்தது, அது மேற்குப் பார்த்த ஜன்னல், அந்நேரத்துக்கு வாசல் பக்கம் கிழக்கிலும் வழக்கமான சூரியன் உதித்திருந்தது, சித்தி யோசித்துவிட்டுத் துணி காயப்போடும் கொடியை மட்டும் மாற்றிக் கட்டினாள். மில்லில் அரைத்த மாவில் தானாக உப்பு ஏறியது, அளவாக ஏறியது, இட்லி மாவுக்கு உப்பு போட வேண்டாம் என்ற செய்தி முத்தியால்பேட்டை வரைக்கும் போய் அங்கிருந்தெல்லாம் தூக்கு வாளியோடு பெண்கள் வந்து நின்றார்கள், சீகைக்காய் அரைக்க வந்தவர்கள்தான் தலையில் அரிக்கிறது என்று சண்டை போட்டார்கள். பாத்ரூமில் நண்டு வந்தது, சித்தி துடைப்பத்தால் தள்ளிவிட்டாள், திரும்ப வந்தது, குழம்பு வைத்தாள். கோயில்காரர்கள் வந்து ஜன்னலுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள், சாயங்காலம் எங்கள் சர்ச்சிலிருந்து வந்து மாதா படம் மாட்டினார்கள். கவுன்சிலரின் ஆள் ஒருத்தர் வந்து இந்தக் கடல் எந்த வார்டில் வருகிறது என்று கேட்டார், ரூம் ஒரு வார்டிலும் மில் இன்னொரு வார்டிலும் இருந்ததால் அவராலேயே முடிவுக்கு வர முடியவில்லை, காபி குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தணிகாசலம் அண்ணன் வந்தார். தெருக்கோடியில் வீடு, மீன்பிடிக்கிறவர். அவர் குப்பத்துக் கரை முழுக்கப் பாறாங்கல் கொட்டிக் கிடப்பதால் அவருடைய கட்டுமரம் வருஷக்கணக்கில் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது, அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜன்னலருகே நின்று மணலையே பார்த்தார். "கரை," என்று மட்டும் சொன்னார். பிறகு வெல்டிங் கடைக்காரனைக் கூட்டிவந்து ஜன்னல் கம்பியை அறுத்தெடுத்தார், தன் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்தார், கட்டுமரம் என்பது நாலைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதுதானே, ஒவ்வொரு கட்டையாகத் தோளில் வைத்து லாட்ஜ் வராந்தா வழியாக, லோகா அக்கா கட்டிலைத் தாண்டி, ஜன்னல் வழியாக மணலில் இறக்கி, அங்கே மறுபடி சேர்த்துக் கட்டித் தண்ணீரில் தள்ளினார். வேறு எந்தப் படகும் அந்த ஜன்னலில் நுழைந்திருக்காது. கட்டிலில் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த திவாகர் அண்ணன், கட்டை தூக்கி வந்த ஒவ்வொருவரிடமும், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்பார்களாம்.

அன்று தணிகாசலம் அண்ணன் கொண்டுவந்த வஞ்சிரத்தில் முதல் மீனை அக்கா கையில் கொடுத்தார். "உங்க ரூம்ல புடிச்சதும்மா." அதற்கப்புறம் தெருவுக்கு வேறு நினைப்பே இல்லை. காலை ஆறரையிலிருந்து ஏழு வரை வலைக்காரர்கள், ஏழிலிருந்து ஒன்பது வரை அவர்கள் தூங்க வேண்டும் யாரும் வரக்கூடாது, மாலை நாலுக்குப் பெண்களும் பிள்ளைகளும், கட்டிலை மிதிக்கக் கூடாது, செருப்பு வராந்தாவில் என்று சித்தி ஓர் அட்டையில் எழுதி மாட்டினாள். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்லவர்களாக இருப்பது அவர்களுக்கு ஒரு வியாதி.

எல்லாம் இப்படியே போயிருக்கும், ஆனால் ஒரு புதன்கிழமை அவர்கள் செஞ்சிக் கோட்டை பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பஸ் ஊரைத் தாண்டியபோது ஜன்னலில் மில் சுவர் வந்துவிட்டது, பழைய சுவர், அதே பச்சைப் பாசி, அதே பல்லி. தணிகாசலம் அண்ணனின் மச்சான் ஏழுமலை கடலுக்குள் இருந்தான். அவன் பெண்டாட்டி சுவருக்கு முன்னால் சந்தில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, கூப்பிடவில்லை, மறுநாள் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் திரும்பி வந்து ரூமுக்குள் பையை வைத்ததும் சுவர் போய்க் கடல் வந்தது, ஏழுமலை கட்டுமரத்தை இழுத்துக்கொண்டு ஏறிவந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"கரை இல்ல. நாலு பக்கமும் தண்ணி. இருந்தேன்," என்றான், ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான்.

லோகா அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், "கடல்ல ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் நாங்க இந்த வாசல் தாண்ட மாட்டோம்கா, இது சத்தியம்," என்றாள். திவாகர் அண்ணனும் தலையை ஆட்டினார்.

கேட்டிருந்தவர்களில் பாவாடை மாமாவும் ஒருத்தர். இரண்டு நாள் கழித்து, லாட்ஜ் முற்றத்தில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, விளையாட்டாகத்தான் சொன்னார். "அப்போ எப்பவும் ஒரு ஆள் உள்ளயே இருந்தா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. தணிகாசலம் அண்ணன் தரையைப் பார்த்தார், சித்தி வெங்காயம் உரித்தாள், அவள் லாட்ஜில் நாலு ரூமும் நிறைந்து இரண்டு மாதத்துக்கு முன்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மாசி மகத்துக்கு வீட்டுக்கொரு ஆள் என்று முறை வைப்பார்களே, அதே மாதிரி அன்றைக்கே முறை வைத்துவிட்டார்கள், காலை ஆறுக்கு ஏறினால் மாலை ஆறு, மாலை ஏறினால் காலை. மீன்காரன் வீடு, தையல்காரன் வீடு, எலக்ட்ரீஷியன் வீடு என்று பார்க்கவில்லை. தையல்காரர் பன்னிரண்டு மணி நேரமும் வாந்தி எடுத்தார், இறங்கி வந்து, "நல்ல காத்து," என்றார். கடல் எல்லாருக்கும் பொது, முறையும் பொது, தெரு அதற்கு முன்னால் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு பேருக்கும் ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் ஆப்பம், ஒரு வீட்டில் சுறாப்புட்டு என்று வந்துகொண்டே இருந்தது.

அக்காவுக்கு இரண்டாவது நாளே புரிந்துவிட்டது. நான் படுக்கை விரிப்பு மாற்றப் போயிருந்தேன். பை கட்டியிருந்தது.

"தம்பி, நான் தாதி வேலைக்குப் படிச்சவ. நர்ஸ்னு சொல்றீங்களே, அது. மூணு வருசமா வேலை வராம காத்துக் கிடந்தேன். இப்ப வந்திருக்கு. பதினெட்டாந் தேதி காலையில வார்டுல நிக்கணும். நிக்கலேன்னா லிஸ்ட்ல அடுத்த பேரு."

"அடுத்த பேரு யாருன்னுகூட இவளுக்குத் தெரியும் தம்பி," என்றார் அண்ணன். "ஒண்ணாப் படிச்சவ. அவ சேந்துட்டா இவ என்னை உயிரோட விடமாட்டா."

"சிரிக்காதீங்கலா."

"சரி, சிரிக்கல. பேசாம கெளம்பிடலாம்லா. அவங்க வேணும்னுதானே போய் உக்காந்திருக்காங்க? அவங்க பாடு."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில் எலக்ட்ரீஷியன் மரத்தின்மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு ஆளைத் தண்ணியில விட்டுட்டு வந்து, வார்டுல நோயாளி கையைப் பிடிச்சுப் பயப்படாதீங்கன்னு சொல்ல முடியுமா? எனக்கு வாய் வராதுலா," என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் மேலும்தான், தெரு மேலும்தான். நேராகத் தணிகாசலம் அண்ணனிடம் போனேன். வீட்டு வாசலில் வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்களைப் போக வுடுங்கண்ணா."

"நான் இன்னா கட்டியா போட்டிருக்கேன்? லாட்ஜ் கதவு தொறந்துதான் கெடக்குது."

"அப்ப கடல்ல இருந்து ஆளை எடுங்க."

வலை ஊசியில் நூலைக் கோத்தார். "எனக்குக் கரை கெடைச்சு இருபது நாளு ஆவுது ரெமி. என் மரம், என் வலை, யார் கையையும் பாக்காம சோறு. நீ பாட்டுக்கு எடுன்ற."

அவர் சொன்னதும் நிஜம்தான். அதுதான் தொல்லை, எல்லாரும் சொன்னது நிஜம்தான். ஏழுமலை பெண்டாட்டி மட்டும் முறைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவள் வீட்டு முறைக்கு அவள் புருஷன் போகாமல் வேறொருவன் போனான், ஆனால் அவளும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, நீர் மோர் மட்டும் கொண்டுவந்து ரூம் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினாறாம் தேதி. மதியம் சென்னையில் அவர்களுக்கு விமானம், அதற்குக் காலை ஆறரைக்கு பஸ் பிடித்தாக வேண்டும், அதை விட்டால் பதினெட்டுக்கு ஊர் போய்ச் சேர வேறு வழி இல்லை. அன்று காலை முறை எங்கள் லாட்ஜுக்கு விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் ஆம்பளை என்று இருப்பது நான் ஒருத்தன். முந்தின நாள் மாலை ஜெபம் முடிந்ததும் சித்தி சொன்னாள், "காலைல ஆறு மணிக்குப் பாவாடை கரையேறுவான். அவன் எறங்குறதுக்கு முன்னாடி நீ ஏறிடு. நாளைக்கு ஒரு நாள் போயிடுச்சுன்னா அப்புறம் அவங்களுக்கும் அவசரம் இருக்காது. சாயங்காலம் வரைக்கும் கரைப் பக்கம் திரும்பாத. தொப்பி எடுத்துக்கோ."

"அந்தக்காவுக்கு வேலை போயிடும் சித்தி."

"இங்க வேலை இல்லாமலா இருக்குது? பெரியாஸ்பத்திரில ஆள் பத்தலன்னு கத்துறாங்கோ. நான் கேட்டு வைக்கிறேன்." நிஜமாகவே கேட்டு வைக்கிறவள்தான். "இந்த ரூமு இல்லேன்னா லாட்ஜை மூடணும்டா. உன்னை எங்க கொண்டுபோய் வுடுவேன்?" என்றாள் அப்புறம், குரலை இறக்கி.

நான் தொப்பியைத் தேடி எடுத்து வைத்தேன்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு ரூம் கதவைத் தட்டினேன். இரண்டு பேரும் வெளியே போகிற உடுப்பில் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள், தினமும் காலையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் போல. அக்கா என்னையும் என் கையில் இருந்த தொப்பியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. தலையை மட்டும் குனிந்துகொண்டாள், அது எனக்கு அடி வாங்கியது போல இருந்தது.

ஜன்னலைத் தாண்டி மணலில் குதித்தேன். மேற்கே சூரியன் வெங்காயத் தோல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது, அலை சின்னது, காற்றே இல்லை. பாவாடை மாமா மரத்தை மணலில் ஏற்றிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து நான் வருவதற்குக் காத்திருந்தார். முறைப்படி என் ஒரு கால் மரத்தின்மேல் பட்ட பிறகுதான் அவர் கால் மணலில் படலாம். ஒரு காலை வைத்தேன்.

"நல்லா புடிச்சுக்கோ. தூரமா போவாத, சும்மா அந்தாண்ட நின்னா போதும்," என்றபடி இறங்கினார். ராத்திரி முழுக்க விழித்த கண். மில்லில் அவருக்காகத் தூக்கு வாளிகள் வரிசையில் நிற்கும். ஜன்னல் ஏறி, கட்டிலில் இருந்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, "பசியாறியாச்சா?" என்று அவர்கள் வார்த்தையிலேயே கேட்டுவிட்டு, வராந்தாவில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் வைத்த காலை எடுத்தேன். கடலோடு மரமும் போய்விடும், தணிகாசலம் அண்ணனின் மரம், அதை நான் ஒருத்தனாக ஜன்னல் உயரத்துக்குத் தூக்க முடியாது, கயிற்றை அவிழ்க்கவும் நேரமில்லை, அதற்கு நான்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சித்திக்கும் சொல்ல வேண்டும், தெரு முழுக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் சிராய்க்க ஜன்னலில் ஏறி உள்ளே விழுந்தேன்.

லோகா அக்கா எழுந்து நின்றாள். என்னைத் தாண்டி வெளியே பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள்.

"தம்பி, கடல்ல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா. சீக்கிரம் போங்க."

அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், அண்ணன் பையை அவள் முதுகில் மாட்டிவிட்டு அவளைத் திருப்பி நடத்தினார். வராந்தா, முற்றம், கேட். கேட்டின் தாழ்ப்பாள் கீச்சிட்டது.

அடுக்களையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "ரெமி, மாமா போயிட்டான் போல. ஏறிட்டியாடா?"

தெரு முனையில் ஆட்டோ ஒன்று கிளம்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் பொறுத்தேன்.

"இல்ல சித்தி," என்றேன். "ஏறல."